ஃபெண்டர் ஃபிளேர்: அடி விழும்போது எது முதலில் உடைய வேண்டும்?

கரடுமுரடுப் பாதைக்கென்று வண்டிக்கு அகலமான டயர் போட்டதும், டயரின் ஓரம் பாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டி ஓடும்போது அந்த நீட்டல் சேற்றையும் பொடிக்கல்லையும் வாரிக் கதவிலும் கண்ணாடியிலும் பின்னால் வருகிறவர் மேலும் இறைக்கும். மட்கார்டு வளைவின் விளிம்பில் தாழ்வாரம் இறக்குவதுபோல ஒரு பட்டையை வெளியே இறக்கி இதைத் தடுப்பதுதான் ஃபெண்டர் ஃபிளேர். டயர் பாடிக்கு வெளியே தெரியக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமும் உண்டு. ஆகவே இது அழகுக்கு மட்டுமான சாமான் இல்லை.

வண்டியோடு வரும் ஃபிளேரைவிட வெளியில் வாங்கி மாட்டும் ஃபிளேர் சீக்கிரம் உடைகிறது என்று ஒரு பொதுக் குறை உண்டு. பாதி உண்மை. உடைந்த ஃபிளேர்களை எடுத்துப் பாருங்கள்: நடு உடம்பு பெரும்பாலும் முழுசாகவே இருக்கும், விரிசல் போல்ட் துளையிலிருந்துதான் கிளம்பியிருக்கும். பிளாஸ்டிக்கைக் குறை சொல்வதற்கு முன் அதை எப்படி மாட்டினோம் என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு அகலம் தேவை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பழைய டயர் 265 மி.மீ. அகலம், புதியது 285 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 20 மி.மீ.யில் பாதி உள்பக்கம் போகும், பாதி வெளியே வரும், ஆக 10. அடுத்தது ரிம்மின் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சு முனையில்) பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். அது +30 இலிருந்து 0 ஆகக் குறைந்தால் சக்கரம் முழுதாக 30 மி.மீ. வெளியே நகர்கிறது. இரண்டையும் கூட்டினால் 40 மி.மீ. பழைய டயர் பாடியின் விளிம்போடு சமமாக இருந்திருந்தால் 50 மி.மீ. அகல ஃபிளேர் போதும்.

பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று 100 மி.மீ. ஃபிளேர் வாங்கினால், பாடியிலிருந்து நீளும் நெம்புகோலின் நீளம் இரண்டு மடங்காகிறது. ஓரத்தில் ஒரு கிளை இடித்தால் போல்ட்டைப் பிடுங்கும் விசையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடியில் சேறு தேங்கும் இடமும் கூடும். ஒரு மீட்டர் நீள ஃபிளேரின் அடியில் 5 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனத்துக்குச் சேறு அப்பினால் 2 லிட்டர்; ஈரச் சேறு என்றால் மூன்றரை கிலோவை ஒட்டி வரும். அந்த எடையோடு அலை அலையான மண் சாலையில் ஒரு மணி நேரம் அதிர்ந்தால் துளைகளின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டயரை மூடுவதற்கு மேல் ஒரு விரல்கடை அகலம் போதும். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஆயுளைக் குறைக்கும்.

முதலில் உடைய வேண்டியது எது

பாறை இடுக்கிலோ மரங்களுக்கு நடுவிலோ போகிற வண்டியின் ஃபிளேர் என்றைக்காவது எதிலாவது இடிக்கத்தான் செய்யும். பாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகமாயிற்றே. இடித்தால் மூன்றில் ஒன்று நடக்கும். ஃபிளேர் வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்கு வரலாம். அதைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து ஃபிளேர் கழன்று விழலாம். இரண்டும் இல்லையென்றால் ஃபிளேர் அசையாமல் நின்று, பாடித் தகடு கிழியலாம் அல்லது மடங்கலாம். முதலாவதில் செலவே இல்லை, இரண்டாவதில் ஒரு கைப்பிடி கிளிப், மூன்றாவதில் தகடு வேலை, பெயின்ட் வேலை, அப்புறம் துரு.

வாகன நிறுவனங்களுக்கு இது தெரியும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் வெளித் தகடுகள் அலுமினியம். அதன் சக்கர வளைவில் இருக்கும் கறுப்புப் புருவத்தைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள். ஜீப் ராங்லரின் ஃபிளேரிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள் உண்டு. மரத்தில் உரசினால் அவைதான் பிய்யும், தகட்டுக்குச் சேதம் குறைவு. இதைப் பார்த்து ‘மட்டமான வேலை’ என்று திட்டிவிட்டு அந்த இடங்களில் எல்லாம் கனமான இரும்பு போல்ட் போட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த இடியில் ஃபிளேர் தப்பிக்கும், மட்கார்டு மாட்டிக்கொள்ளும்.

எனவே உறுதி என்பதை விறைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபிளேர் எவ்வளவு வளையும், வளைய முடியாதபோது எதை விட்டுக்கொடுக்கும் என்பதுதான் கேள்வி.

எந்தப் பொருளில் செய்திருக்கிறார்கள்

கடையில் கிடைப்பவற்றில் மலிவானவை அதிகமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். விறைப்பானது, வழவழப்பாக வரும், பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். நொறுங்காமல் அடி தாங்கும் குணம் இதற்கு உள்ளே கலந்திருக்கும் பியூட்டாடையீன் ரப்பர் துகள்களால் வருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் தாக்குவதும் அந்த ரப்பரைத்தான். மேல்தோல் சாம்பல் பூத்து, சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டத் தொடங்கினால் அங்கே ரப்பர் செத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அந்தத் தோலில் விழும் நுண்விரிசல் உள்ளே நல்ல பிளாஸ்டிக் வரை இறங்கும். ஏஎஸ்ஏ என்கிற உறவுக்காரப் பிளாஸ்டிக்கில் பியூட்டாடையீனுக்குப் பதில் அக்ரிலிக் ரப்பர். வெயிலை அதிக நாள் தாங்கும். சில ஃபிளேர்களில் ஏபிஎஸ்ஸின் மேல் ஏஎஸ்ஏ அல்லது அக்ரிலிக் படலம் ஒட்டியிருக்கும். விவரத்தில் இதைக் குறிப்பிட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

டிபிஓ என்பது பாலிபுரொப்பிலீனும் ரப்பரும் கலந்தது. நிறுவனங்கள் பம்பருக்கும் ஃபிளேருக்கும் பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த வகையைத்தான். கையால் அழுத்தினால் வளைந்து திரும்பும், குளிரிலும் எளிதில் நொறுங்காது, பெட்ரோல் சிந்தினாலும் பெரிதாகப் பாதிக்காது. குறை வேறு இடத்தில்: இதன் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. ஒட்டுநாடாவும் சரி, பெயின்டும் சரி, அதற்கென்று உள்ள பிரைமரை முதலில் பூசாவிட்டால் பட்டை பட்டையாக உரிந்து வரும். கரடுமுரடுப் பாதைக்கு ஒன்றைத்தான் சொல்லச் சொன்னால், பெயின்ட் அடிக்காத, உள்ளேயே கறுப்பு நிறம் கலந்த டிபிஓ. அந்தக் கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் தூளே வெயிலைத் தடுக்கும் மருந்தாகவும் வேலை செய்கிறது.

பாலியூரித்தேன் இன்னும் நன்றாக வளையும், பெயின்டும் பிடிக்கும். ஆனால் கனம் அதிகம், தாங்கல் போதாவிட்டால் வெயிலில் தொய்ந்து அலை அலையாக நிற்கும். ஃபைபர் கிளாஸ் நேர் எதிர். விறைப்பாக, வடிவம் மாறாமல் இருக்கும், எந்த அளவிலும் செய்துகொள்ளலாம், உடைந்தால் பிசினும் இழைத் துணியும் வைத்து ஒட்டலாம். ஆனால் அடி விழுந்தால் மேல்பூச்சில் சிலந்தி வலைபோல விரிசல் பரவும், அதன் வழியே தண்ணீர் இழைக்குள் இறங்கும். பாலைவனத்தில் வேகமாக ஓடும் பந்தய வண்டிகளுக்கு அது பொருந்தும்; பாறையில் உரசி ஏறும் வண்டிக்குப் பொருந்தாது.

இரும்புக் குழாயிலும் தகட்டிலும் செய்த ஃபிளேர் உடையாது என்பது சரிதான். அது வாங்கும் அடி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்திலோ (சேஸி) உள் கட்டமைப்பிலோ பிடிக்கும் வகை என்றால் நல்லது. வெறும் மட்கார்டுத் தகட்டில் பிடிக்கும் வகை என்றால் தகட்டைக் கிழிக்க ஒரு கடப்பாரையை நாமே பொருத்திக்கொண்ட மாதிரி.

கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். ஒழுங்கான தயாரிப்பில் பொருளின் பெயர் அச்சாகியிருக்கும். இல்லையா, உள் ஓரத்தில் ஒரு சிறு சீவலைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் வகை, ஏபிஎஸ் மூழ்கும். ஆனால் டால்க் தூள் நிறையக் கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்கக்கூடும் என்பதால், மூழ்கியதற்கு இன்னொரு சோதனை செய்ய வேண்டும்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பஞ்சில் தொட்ட அசிட்டோனைத் தடவுங்கள். ஏபிஎஸ் பிசுபிசுக்கும். பாலிபுரொப்பிலீன் கண்டுகொள்ளாது.

பொருளைவிடச் செய்த முறையும் முக்கியம். சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை அச்சின் மேல் உறிஞ்சவைத்து வடிவம் எடுப்பது ஒரு முறை. தாள் எங்கே ஆழமாக இழுபடுகிறதோ அங்கே மெலியும். 3 மி.மீ. தாளில் தொடங்கிய ஃபிளேர் மூலை மடிப்பில் அதில் பாதியாக இருக்கலாம், அந்த மூலைதான் முதலில் கிழியும். உருக்கி அச்சுக்குள் செலுத்தும் முறையில் கனம் ஒரே சீராக இருக்கும், பின்பக்கம் விலா எலும்புபோலத் தாங்கல் வரிகளும் போல்ட் துளையைச் சுற்றித் தடிப்பும் வைக்க முடியும். வாங்கும்போது ஃபிளேரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வரியும் தடிப்பும் பொருள் பெயரும் இருந்தால் இரண்டாவது வகை. பின்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தால் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். டப்பா மூடி மாதிரி உள்ளே போனால் வேண்டாம்.

ஒரு துளைக்குள் நடப்பது

இரும்பும் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவு நீள்வதில்லை. ஒரு மீட்டர் இரும்புத் தகடு வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் கூடும்போது சுமார் அரை மி.மீ. நீளும். அதே நீள ஏபிஎஸ் 3 மி.மீ.க்கு மேல் நீளும். நிரப்புத் தூள் கலக்காத பாலிபுரொப்பிலீன் இன்னும் அதிகம். விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகலில் கறுப்புப் பிளாஸ்டிக் ஏறும் சூட்டுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் எளிதில் வந்துவிடும்.

இப்போது ஃபிளேரில் ஐந்து துளை, ஐந்திலும் 6 மி.மீ. போல்ட், துளையும் சரியாக 6 மி.மீ., எல்லாவற்றையும் முறுக்கி இறுக்கியாகிவிட்டது என்று வையுங்கள். மதிய வெயிலில் பிளாஸ்டிக் நீளப் பார்க்கிறது, போல்ட் விடவில்லை. போல்ட்டுகளுக்கு நடுவில் உப்பி அலை எழும்புகிறது. இரவில் சுருங்கும்போது துளையின் ஓரம் போல்ட்டில் மோதி இழுபடுகிறது. இது தினமும் ஒருமுறை. சில மாதத்தில் துளையின் ஓரத்திலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை விரிசல் கிளம்பும். ‘வண்டி சும்மாதான் நின்றது, தானாக உடைந்துவிட்டது’ என்பதன் பின்னணி இதுதான்.

தீர்வு துளையின் அளவில் இருக்கிறது. நடுத் துளை மட்டும் 6.5 மி.மீ., அதுவே ஃபிளேரின் நிலையைப் பிடிக்கட்டும். அதற்கு இருபுறமும் உள்ளவை 8 மி.மீ. கடைசித் துளைகள் 10 மி.மீ., அல்லது ஃபிளேரின் நீளவாக்கில் நீள்துளை. மேலே 18 மி.மீ. விட்டமுள்ள அகல வாஷர் போட்டால் 10 மி.மீ. துளையையும் மூடிவிட்டுச் சுற்றிலும் 4 மி.மீ. அமரும். வாஷருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வாஷர் இருந்தால் நல்லது. சறுக்கவும் விடும், அதிர்வையும் வாங்கும். இறுக்குவதை நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் போக வேண்டும். ஓரங்களை முதலில் இறுக்கிவிட்டால் மிச்ச நீளம் நடுவில் மாட்டி உப்பும்.

துளை போடும் விதமும் உண்டு. இரும்பில் துளையிடுவதற்காகப் புதிதாகத் தீட்டிய டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துக் கீறும். முதலில் 3 மி.மீ., பிறகு படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட், மெதுவான வேகம், பின்னால் ஒரு மரக்கட்டை. போட்டு முடிந்ததும் ஓரத்துப் பிசிறை வழித்து எடுங்கள். அங்கே விட்டுவைக்கும் சின்னக் கீறல்தான் நாளைய விரிசலின் விதை. துளையின் மையம் ஃபிளேரின் விளிம்பிலிருந்து 12 முதல் 15 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும்.

முறுக்கு விசை? பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 3, 4 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஸ்பேனரைத் தலைக்கு அருகே இரண்டு விரலால் பிடித்து, ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை. பவர் டூலைத் தள்ளி வையுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக ஓட்டினால் மரைகள் ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாக்கெட் ஸ்டைல் என்று விற்கும் ஃபிளேர்களில் வெளியே வரிசையாகத் தெரியும் போல்ட்டுகள் பல சமயம் வெறும் அலங்காரம். ஃபிளேரைப் பாடியோடு பிடிப்பவை உள்விளிம்பில் மறைந்திருக்கும். அலங்காரப் போல்ட்டுக்கும் துளை துளைதான்; அதை முறுக்கி இறுக்கினால் எந்தப் பயனும் இல்லாமல் ஒரு விரிசலை வரவழைத்ததுதான் மிச்சம்.

நட்டு, கிளிப், ஒட்டுநாடா

அதிர்வில் நட்டு கழலாமல் இருக்க மரையில் பூசும் பூட்டுத் திரவத்தை ஏபிஎஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்தத் திரவம் வழிந்து இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸைத் தொட்டால் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல் விடும். அதுவும் உடனே தெரியாது. பிரேக் ஆயில், தின்னர், பெட்ரோல் எல்லாம் இதே வேலையைச் செய்யும். எரிபொருள் மூடிக்கு நேர்கீழே இருக்கும் பின்பக்க ஃபிளேர் மட்டும் சீக்கிரம் விரிசல் விட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிந்திய பெட்ரோலை. கழலாமல் இருக்க நைலான் வளையம் வைத்த நட்டே போதும்.

தகட்டில் பிடிக்க நாலு வழி இருக்கிறது. தகட்டைத் தானே குடைந்து ஏறும் திருகு மிக எளிது, மிக மோசம். மெல்லிய தகட்டில் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும், அதிர்வில் துளை அகலும், குடைந்த இடத்தில் பெயின்ட் போய்த் துரு ஏறும். விளிம்பில் செருகும் ‘யூ’ வடிவ நட்டு பரவாயில்லை. தகட்டில் நசுக்கிப் பொருத்தும் ரிவ்நட் பலமானது. ஆனால் உள்ளே போல்ட் துருப்பிடித்து ஒட்டிவிட்டால் நட்டே தகட்டில் சுழலும், கழற்ற வழியிருக்காது.

நாலாவது, ரப்பர் உடம்புக்குள் பித்தளை நட்டு வைத்த வெல்நட். போல்ட்டை இறுக்க இறுக்க ரப்பர் தகட்டின் பின்னால் குண்டாகிப் பிடித்துக்கொள்ளும். அதிர்வை வாங்கும், துளையை அடைத்துத் தண்ணீரையும் பெரும்பாலும் தடுக்கும், பலமான அடி விழுந்தால் தகட்டைக் கிழிக்காமல் தானே பிதுங்கி வெளியே வந்துவிடும். முதலில் உடைய வேண்டியது எது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கடையில் கிடைப்பது அரிது. ரப்பர் காய்ந்துவிட்டதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

ஒட்டுநாடாவை மட்டும் நம்பிப் பொருத்தும் ஃபிளேர் நகரச் சாலைக்குச் சரி. அக்ரிலிக் ஃபோம் நாடா லேசுப்பட்டதல்ல, முறையாக ஒட்டினால் அபாரமாகப் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துடைத்து, காயவிட்டு, தகடு 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கும்போது அழுத்தி ஒட்ட வேண்டும். ஒட்டிய 20 நிமிடத்தில் அதன் பலத்தில் பாதிதான் வரும், 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, முழுப் பலத்துக்கு 72 மணி நேரம். ஒட்டிய அன்றே வண்டியைக் கழுவுகிறவர்கள்தான் நாடாவைத் திட்டுகிறவர்கள். பழைய மெழுகுப் பூச்சின் மேலோ, மறுபெயின்ட் அடித்த தகட்டின் மேலோ ஒட்டினால் நாடா பிடித்தாலும் அடியிலுள்ளது உரிந்து வரும். சேற்றுப் பாதைக்கு நாடாவைத் துணையாக வைத்துக்கொண்டு, பிடிப்பைப் போல்ட்டிடம் கொடுங்கள்.

ஃபிளேருக்கு அடியில் சாகும் பெயின்ட்

ஃபிளேர் பத்து ஆண்டு உழைத்து அதன் அடியில் மட்கார்டு அரித்துப்போனால் அந்த உழைப்பால் என்ன லாபம்? ஃபிளேருக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் ஓரப்பட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் நுழையும் நுண்மணல் அதிர்வில் உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும். முதலில் பளபளப்பு போகும், பிறகு நிறம், பிறகு பிரைமர். அப்புறம் ஈர மண் அங்கேயே தங்கி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பொருத்துவதற்கு முன்பே, ஃபிளேர் படும் பாதை முழுக்க 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள ஒளி ஊடுருவும் பெயின்ட் பாதுகாப்புப் படலத்தை ஒட்டிவிடுங்கள். ஃபிளேரின் கோட்டை பென்சிலால் குறித்து, கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. தெரிகிற மாதிரி வெட்டினால் போதும். தகட்டில் போட்ட ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் துத்தநாகப் பிரைமர், அதன் மேல் பெயின்ட். பாடி அலுமினியமாக இருந்து போல்ட் ஸ்டெயின்லெஸ் என்றால் நைலான் வாஷரும் குழலும் போட்டு இரண்டையும் பிரித்து வையுங்கள். ஈரம் பட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

தண்ணீர் போகாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் சிலிகான் பூசி அடைப்பது பலரும் செய்யும் தவறு. மேலே அடைத்தாலும் கீழிருந்து சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் எப்படியும் நுழையும். நுழைந்தது வெளியேற வழி இருக்காது. வினிகர் வாசனை வரும் சிலிகான் என்றால் அது விடும் அமிலமே இரும்பை அரிக்கும். கீழ் ஓரங்களைத் திறந்தே விடுங்கள்.

டயர் உரசும் இடம்

சமதரையில் நிற்கும்போது இருக்கும் இடைவெளியை நம்ப வேண்டாம். ஒரு முன் சக்கரத்தைச் சாய்தளத்திலோ உறுதியான மேடையிலோ ஏற்றி, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்தும், வண்டியைப் பின்னோக்கி நகர்த்தித் திருப்பும்போதும் பாருங்கள். டயருக்கும் ஃபிளேரின் உள்விளிம்புக்கும் இடையே விரல் இரண்டு நுழைய வேண்டும். சேறு அப்பினால் அதுவும் குறையும். டயர் ஒருமுறை ஃபிளேரின் ஓரத்தைக் கவ்வினால் எந்தப் பிளாஸ்டிக்கும், எந்தக் கிளிப்பும் நிற்காது. மட்கார்டு உள்ளுறைப் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் திருகுகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அவை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். போல்ட்டின் நீளத்தை அளந்து வாங்குங்கள், தலையை டயர் பக்கமும் நட்டை மறைவிலும் வையுங்கள்.

மட்கார்டை வெட்டிப் பொருத்தும் வகை ஃபிளேருக்கு இன்னொரு எச்சரிக்கை. முன் மட்கார்டு ஒற்றைத் தகடு, வெட்டினால் பிசிறை அரத்தால் ராவிப் பிரைமர் அடித்தால் முடிந்தது. பின்பக்கம் அப்படியல்ல. அங்கே வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் சேர்த்து வெல்டு செய்யப்பட்டிருக்கும். அந்த விளிம்பை வெட்டினால் இரண்டும் பிரிந்து வாய் திறக்கும். மீண்டும் வெல்டு செய்தோ பாடிப் பசையால் ஒட்டியோ மூடாமல், இணைப்பை அடைக்கும் சீம் சீலர் பூசாமல், உள்ளே மெழுகுத் திரவம் தெளிக்காமல் ஃபிளேரை மாட்டினால், பிரச்சினையை மறைத்து வைத்தது போலத்தான். கிரைண்டரில் வெட்டும்போது பறக்கும் பொறி பக்கத்துக் கண்ணாடியிலும் பெயின்டிலும் பதிந்து துருப் புள்ளியாகும். ஈரத் துணி போட்டு மூடுங்கள்.

விரிசல் விட்ட பிறகு

விரிசலின் நுனியைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் முனையைவிட அது சற்றுத் தள்ளி இருக்கும். லேசாக வளைத்தால் தெரியும். அங்கே 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் கூர்மையான நுனி வட்டமாகி, விரிசல் அதற்கு மேல் ஓடுவது பெரும்பாலும் நிற்கும். பிறகு ஏபிஎஸ் என்றால், அதே ஃபிளேரின் உள் ஓரத்தில் சீவிய துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, பின்பக்கத்திலிருந்து இழைத் துணியோடு பூசலாம். முழுதாகக் காய ஒரு நாளாவது விடுங்கள். டிபிஓவை இப்படி ஒட்ட முடியாது. அதே வகைக் குச்சியை வைத்துச் சூட்டில் உருக்கி வெல்டு செய்ய வேண்டும், உள்ளே மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலையைப் பதித்தால் இன்னும் நிற்கும். வீட்டில் இருக்கும் சூப்பர் பசை இரண்டுக்குமே வேண்டாம். அது விறைத்துக் கண்ணாடியாகும், அடுத்த அதிர்வில் விட்டுவிடும்.

வெளுத்த கறுப்பு ஃபிளேரை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் மீண்டும் கறுக்கும் என்பது உண்மைதான், சில மாதங்களுக்கு. ஏபிஎஸ்ஸில் இதைச் செய்யாதீர்கள், நெளிந்துவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை வெளுப்பதற்கு முன்பே பூசத் தொடங்குவதுதான் பலன் தரும். பின்னால் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிகான் கலந்த மினுக்குப் பூச்சு வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் பெயின்ட் மீன்கண் மாதிரி குழிந்து விலகும்.

கழுவும்போது உயர் அழுத்தக் குழாயை ஃபிளேரின் மேல் ஓரத்துக்கு நேராகப் பிடித்தால் ரப்பர் பட்டியும் நாடாவும் கிளம்பும். கீழிருந்து, சக்கரத்தின் பக்கமிருந்து அடித்து மண்ணை வெளியேற்றுங்கள்.

புதிதாகப் பொருத்திய அன்று ஒவ்வொரு நட்டின் மேலும், அதை ஒட்டிய வாஷரின் மேலும் தொடர்ச்சியாகப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 500 கி.மீ. ஓடியபின் குனிந்து பார்த்தால் எந்த நட்டு நகர்ந்திருக்கிறது என்று ஸ்பேனரைத் தொடாமலே தெரியும். கோடு விலகியதை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். கோடு நேராக இருக்கும் நட்டை ‘இன்னும் ஒரு சுற்று இருக்கட்டும்’ என்று இறுக்க வேண்டாம்.